இடது ஓரச் சீட்டு

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருப்பவளுக்கு நண்பர்கள் இருக்க மாட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, வேலையின் லட்சணம் அப்படி. எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது, ஏன் தாமதம் என்று கேட்டு எழுதி, டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வாயைத் திறந்தால் "ஏன் லேட்டு?" என்று கேட்கிறவள் பக்கத்தில் எவன் வந்து உட்கார்ந்து சிரித்துப் பேசுவான்?

சாப்பாட்டு அறைக்குள் நான் காலை வைத்தால் போதும், டிரைவர்களும் கண்டக்டர்களும் சொல்லிவைத்தாற்போல் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடுகிறவர்களும் உண்டு. "சாப்பிடுங்கப்பா, நான் ஒண்ணும் கேக்கல" என்பேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள், "ஆமா, உன் வண்டி எப்ப?" என்று என் வாயே கேட்டுவிடும். பழக்க தோஷம். கடைசியில் நானே என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் கேபினுக்குப் போய்விட்டேன். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சுவர். டிரைவர்கள் வந்து நிற்கும் ஜன்னலைச் சாப்பாட்டு நேரத்தில் மூடிவைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவேன்.

வேறு ஊரில் இருக்கும் மகள் வந்திருந்தபோது ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்து சாப்பிட்ட கோலத்தைப் பார்த்தவள், அன்று சாயங்காலமே என் ஃபோனைப் பிடுங்கி ஒரு சீட்டாட்டத்தை ஏற்றிக் கொடுத்தாள்.

"நாலு பேர் ஆடுற ஆட்டம்மா. எங்கெங்கயோ இருந்து வருவாங்க. மத்தியானம் சுவத்த மொறச்சிக்கிட்டு இருக்காம இத ஆடு."

"மொகம் தெரியாதவங்களோட எப்படிடி ஆடுறது?"

"மொகம் தெரிஞ்சவங்கதான் உன்னப் பாத்தாலே ஓடுறாங்களே."

பெற்றது அப்படிப் பேசுகிறது. ஆனால் ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது. துருப்பு வைத்துப் பிடி எடுத்து, பிடியில் விழுந்த பெரிய சீட்டுகளுக்குப் புள்ளி எண்ணும் சாதாரண ஆட்டம்தான். இரண்டிரண்டு பேர் கூட்டு. எதிரே இருப்பவர் கூட்டாளி, இருபுறமும் இருப்பவர்கள் எதிராளிகள். பெயர் கிடையாது, ஒரு படம் மட்டும். நான் கடிகாரப் படம் வைத்துக்கொண்டேன். பேச்சும் கிடையாது. 'நல்ல ஆட்டம்', 'அடடா', 'பொறுங்க', 'நன்றி' என்று நாலே நாலு பொத்தான்கள். மனதில் எதுவிருந்தாலும் அந்த நாலுக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

நம் முறை வந்தால் நம் படத்தைச் சுற்றி ஒரு வளையம் ஓடும். முப்பது விநாடி. அதற்குள் ஒரு சீட்டைத் தொட்டால் அது மேசையில் விழும். தொடாமலே இருந்துவிட்டால், போடத் தகுந்த சீட்டுகளில் இடது ஓரத்தில் எது இருக்கிறதோ அதை இயந்திரமே எடுத்துப் போட்டுவிடும். கையில் இருப்பதை இடம் மாற்றி அடுக்குவதெல்லாம் அடுத்தவர் ஆடும்போதுதான் முடியும்.

முப்பது விநாடி என்பதே எனக்கு ஊதாரித்தனமாகப் பட்டது. அந்த நேரத்தில் ஒரு வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி வாசலைத் தாண்டிவிடலாம். நான் சீட்டு வந்த கையோடு போட்டுவிடுவேன். ஆட வந்துவிட்டு ஆளைக் காணோம் என்று வளையம் சுற்றிக்கொண்டிருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவர்கள்மேல் புகார் சொல்ல, கொட்டாவி விடும் முகம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை என்னைப்போல் அமுக்கியவர்கள் இருக்க மாட்டார்கள். லீவு நாளில் வீட்டில் அமுக்கினால் இவர் எட்டிப் பார்ப்பார். இவர் என் வீட்டுக்காரர். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒரு தலையை முடிப்பதற்குள் முதலில் வெட்டிய பக்கம் மறுபடி வளர்ந்துவிடும், அவ்வளவு நிதானம்.

"யாரும்மா அந்தப் பாவம்?"

"வேலவெட்டி இல்லாதவன் எவனோ. ஆட வந்துட்டுத் தூங்குறான்."

"வேலவெட்டி இருக்குறதாலதான் எந்திரிச்சுப் போயிருப்பான்."

"உங்களுக்கு அப்படித்தான் தோணும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை அமுக்குவேன்.

அப்புறம் ஆற்றுப்பாலத்தில் விரிசல் கண்டு மூடிவிட்டார்கள். எல்லா வண்டியும் சுற்றுவழியில் போய் வந்தது. என் மேசை ஃபோன் ஓயவே இல்லை. மத்தியானம் டப்பாவைத் திறப்பேன், ஆட்டத்தைத் திறப்பேன், சீட்டைப் பெரியதிலிருந்து சிறியது வரை இடமிருந்து வலமாக ஒழுங்காக அடுக்குவேன், ஃபோன் அடிக்கும். பேசிவிட்டு வந்து பார்த்தால் என் ஏஸும் ராஜாவும் இயந்திரத்தின் கைபட்டு வீணாய்ப் போயிருக்கும். பாலம் திறக்கும்வரை தினமும் இதே கதை. திறந்த அன்று ஆட்டத்துக்குள் போனால் ஓர் அறிவிப்பு வந்து நின்றது.

'தாங்கள் ஆட்டத்தின் நடுவே அடிக்கடி விலகியிருப்பதால் நிதான மேசைக்கு மாற்றப்படுகிறீர்கள்.'

நிதான மேசையாம். தூங்குமூஞ்சிகளை ஒதுக்கி உட்காரவைக்கும் மூலைக்கு வைத்திருக்கும் மரியாதையான பெயர். வேலை முடிந்து நேராக இவர் கடைக்குப் போய் ஃபோனை நீட்டினேன். இவர் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. ஒரு காதுப் பக்கம் மட்டும் வெட்டிமுடித்த நிலையில் நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர், விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரும் சேர்ந்து சிரித்தார்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? எம்மேல எவனோ புகார் குடுத்திருக்கான்."

"வேலவெட்டி இல்லாதவனா இருப்பான்" என்றார் இவர்.

அந்த மேசையிலிருந்து வெளியே வர ஒரே வழிதான். ஒவ்வொருவர் படத்தின் கீழும் ஒரு பச்சைக் கோடு இருக்கும். முறை தவறாமல் ஆட ஆட அது வளரும். முழுசாக நிரம்பினால் பழையபடி பெரிய மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை வளையம் ஓடி முடிந்துவிட்டால் கோடு பாதியாகக் குறைந்துவிடும். யாருடைய கோடு எவ்வளவு என்பது மேசையில் எல்லோருக்கும் தெரியும். சீக்கிரமே நிரப்பிக்கொண்டு இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று கிளம்பிவிடுவது என்று நான் முடிவு செய்தேன்.

மத்தியான நேரத்தில் அந்த மூலைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் பெரும்பாலும் அதே மூன்று பேருடன்தான் எனக்கு இடம் விழும். எதிரே முட்டை. வலப்பக்கம் குடை. இடப்பக்கம் நிலா. அவரவர் வைத்திருந்த படங்கள் அவை. ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது.

வண்டி தாமதமாவதில் வகை உண்டு. தினமும் ஒரே இடத்தில் தாமதமானால் பாதையில் கோளாறு. நாளுக்கொரு இடத்தில் தாமதமானால் டிரைவர் மனதில் ஏதோ இருக்கிறது. தொழில் புத்தியைச் சீட்டு மேசையிலும் என்னால் கழற்றி வைக்க முடியவில்லை. முட்டை நன்றாக ஆடிக்கொண்டே இருக்கும், திடீரென்று மூன்று நாலு முறைக்கு ஆளே இருக்காது, திரும்பி வந்து 'அடடா' போடும். வீட்டில் கைக்குழந்தை என்று முடிவு கட்டினேன். நிலா ஒவ்வொரு சீட்டுக்கும் வளையம் முடியப் போகும் நேரத்தில்தான் போடும், எப்போதாவது தவறவும் விடும். விரல் மடங்காத யாரோ என்று எழுதிவைத்துக்கொண்டேன். குடைதான் விசித்திரம். மின்னல் மாதிரி ஆடும் ஆள், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஆட்டம் முடியப்போகும் சமயத்தில், ஒரே ஒரு முறை மட்டும் காணாமல் போகும். பள்ளிக்கூட மணி அடித்து எழுந்து ஓடும் வாத்தியார் என்று தீர்மானித்தேன். அதிர்ஷ்டக்கார வாத்தியார். அவர் இல்லாதபோது இயந்திரம் எடுத்துப் போடுவது எப்போதும் ஒரு உதவாக்கரை இரண்டாகவோ மூன்றாகவோதான் இருக்கும். என் கையிலிருந்து மட்டும் ராஜாவைப் பிடுங்கிப் போட்ட இயந்திரம் அது. கோடு நிரம்ப ஒரு நூல் இருக்கும்போது அந்த மனுஷன் இப்படிக் கோட்டை விடுகிறாரே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். அடுத்த வாரம் வளையம் சுற்றும் நேரத்தில் ஒரு கவளம் சாப்பிடலாம் என்று கண்டுகொண்டேன். முட்டை எழுந்து போனால் மற்ற மூன்று பேரும் அப்படியே இருப்போம். 'பொறுங்க' என்று குடை போடும், எங்களைப் பார்த்து. யாரும் கொட்டாவிப் பொத்தானை அமுக்குவதில்லை. அந்தப் பொத்தான் அங்கே இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. சாப்பாடு முடியும்போது ஆட்டமும் முடியும். நாலு பேரும் 'நல்ல ஆட்டம்' போட்டுவிட்டுக் கலைவோம். பல வருஷம் கழித்து நான் நாலு பேரோடு சேர்ந்து சாப்பிடுகிறேன் என்று ஒரு நாள் டப்பாவைக் கழுவும்போது தோன்றியது. தோன்றியதும் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் அழுகையாகவும் வந்தது.

ஒரு நாள் கண் பரிசோதனைக்காக லீவு போட்டிருந்தேன். மருந்து ஊற்றிய கண்ணோடு ஆட்டம் எங்கே ஆடுவது. மறுநாள் மேசையில் என் கடிகாரம் தெரிந்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் 'அடடா' என்று போட்டார்கள். நான் 'நன்றி' என்று போட்டேன். டிப்போவில் என்னைக் கண்டு பயந்து நின்றவர்கள் உண்டு, கையெழுத்துக்காக நின்றவர்கள் உண்டு. என்னைக் காணோமே என்று ஒருத்தரும் இருந்ததில்லை.

இதற்கிடையில் என் பச்சைக் கோடு வளர்ந்துகொண்டே போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மகளிடம் சொன்னேன்.

"அட, நாளைக்கி ஒரு ஆட்டம் ஆடுனா ரொம்பிரும்மா. அப்புறம் பெரிய மேசைதான். உன் மானம் தப்பிச்சுது."

"இந்த மூணு பேரு?"

"எந்த மூணு பேரு?"

"இங்க கூட ஆடுறாங்களே. பெரிய மேசைக்குப் போயிட்டா இவங்களத் தேடிப் பிடிக்க முடியுமா?"

"பேரு கூடத் தெரியாது, எப்படிம்மா தேடுவ? அங்க ஆளுங்க லட்சக்கணக்குல இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளுதான் வரும்." பிறகு, "ஏம்மா, உனக்கு வேகமா ஆடுறவங்கதானே பிடிக்கும்?" என்றாள்.

"ஆமா" என்றேன். ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியில் காரணமில்லாமல் பாத்திரத்தை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். இவர் வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். என்னவென்று கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

மறுபடி அந்தச் சுவர்தான் என்று நினைத்துக்கொண்டே திங்கட்கிழமை டப்பாவைத் திறந்தேன். முட்டை, குடை, நிலா, மூன்று பேரும் வந்திருந்தார்கள். சீட்டு வந்தது. வழக்கம்போலப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். அன்றைக்கென்று கை தானாகவே மெதுவாக ஆடியது. டப்பா திறந்தபடியே கிடந்தது.

நடுவில் குடையின் வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆளைக் காணோம். வாத்தியாருக்கு மணி அடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, இது ஆட்டம் முடியும் நேரம் இல்லை, பாதிதான் ஆகியிருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடத்தில் மணி இப்படி இஷ்டத்துக்கு அடிக்கும்? வளையம் முடிந்தது. இயந்திரம் எடுத்துப் போட்டது ஒரு இரண்டு. ஒன்றுக்கும் உதவாத இரண்டு. இரண்டு எப்படி ஒருத்தர் கையில் இடது ஓரத்தில் வந்து உட்காரும்? யாராவது இழுத்து வைத்தால்தான் உட்காரும். உண்மையாகவே எழுந்து போனவன் கையிலிருந்து ராஜா போகும், ராணி போகும். நான் பாலத்து வாரத்தில் பட்டது அதுதானே. குடையின் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். ஆட்டம் ஆரம்பிக்கும்போது முக்கால்வாசிக்கு மேல் இருந்தது, பாதியாகக் கீழே இறங்கி நின்றது.

இந்த மனுஷன் எங்கேயும் எழுந்து போகவே இல்லை. இத்தனை நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். போக இஷ்டமில்லாமல், கோடு நிரம்பப் போகும்போதெல்லாம் ஒரு முறையை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறார். நிலா எப்போதாவது தவறவிடுவதும் விரல் மடங்காததால் இல்லை. தாமதத்தைப் பார்த்தே வண்டியின் வயிற்றில் என்ன கோளாறு என்று சொல்லுகிறவள் நான். தாமதத்துக்கு ஆசை என்றொரு காரணம் இருக்கும் என்பது மட்டும் என் மண்டைக்கு எட்டவில்லை. எந்த டிரைவரும் டிரிப் ஷீட்டில் அப்படி எழுதியதில்லை.

இதை நினைத்து முடிப்பதற்குள் ஆட்டம் கடைசிக்கு வந்துவிட்டது. கையில் இரண்டே சீட்டு, இரண்டும் துருப்பு. இடது பக்கம் ராஜா, வலது பக்கம் மூன்று. நான்தான் இறங்க வேண்டும். கடைசிச் சீட்டை ஆட்டமே போட்டுவிடும் என்பதால் இதுதான் என் கடைசி முறை, இதையும் போட்டுவிட்டால் என் கோடு நிரம்பிவிடும். என்னிடம் இருப்பது போக வெளியே வராத துருப்பு ஏஸ் ஒன்றுதான், முட்டையிடம் துருப்பு தீர்ந்துவிட்டதால் அது நிலாவிடமோ குடையிடமோ இருக்கிறது. மூன்றைப் போட்டு அதை வெளியே இழுத்தால் என் ராஜா பிழைக்கும், நானும் முட்டையும் ஜெயிப்போம். ராஜாவை இறக்கினால் ஏஸ் அதை விழுங்கும், ஆட்டம் போச்சு. குழந்தைக்குக்கூடத் தெரியும், மூன்றைத்தான் தொட வேண்டும்.

விரல் மூன்றின் பக்கம் போனது. அப்போது குடை 'பொறுங்க' என்று போட்டது.

என் முறையில் யாரும் அப்படிப் போட்டதில்லை. தொடர்ந்து நிலா, 'பொறுங்க'. எதிராளிகள், என்னைத் தடுமாறவைத்து ஜெயிக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு கணம் பழைய புத்தி முறுக்கிக்கொண்டு எழுந்தது. அதற்குள் எதிரேயிருந்து முட்டை, என் கூட்டாளி, நான் பொறுத்தால் தோற்கப்போகிற ஆள், அதுவும் 'பொறுங்க' என்று போட்டது. போட்டுவிட்டு இன்னொரு தடவையும் போட்டது.

கையைத் திரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வளையம் கால்வாசிகூடக் குறையவில்லை. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்து ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். திரும்பினால், டிப்போவிலேயே எனக்கு அதிகம் பதில் சொல்லிய டிரைவர், நான் வைத்த 'நத்தை' என்ற பெயரே டிப்போ முழுக்க நிலைத்துவிட்ட ஆள், டிரிப் ஷீட்டோடு நின்றுகொண்டிருந்தான். பின்னால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா, கையெழுத்து."

"பொறுப்பா."

அவன் எட்டிப் பார்த்தான். நான் ஒன்றும் செய்யாமல் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். கேபின் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"அம்மா... நேரம் ஆச்சு."

நான் எத்தனையோ ஆயிரம் தடவை மற்றவர்களிடம் சொன்ன வார்த்தை. என்னிடம் யாரும் சொன்னதில்லை.

"ஆகட்டும்பா" என்றேன்.

வளையம் முடிந்தது. இயந்திரம் இடது ஓரத்திலிருந்து ராஜாவை எடுத்து நடு மேசையில் போட்டது. வழக்கத்துக்கு மாறாக அடுத்த நொடியே நிலாவின் ஏஸ் அதன்மேல் விழுந்தது. தோற்றோம். என் பச்சைக் கோடு பாதிக்குச் சரிந்து நின்றது. குடை 'நன்றி' என்றது. நிலா 'நன்றி' என்றது. முட்டை மட்டும் 'நல்ல ஆட்டம்' என்று போட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து, டிரிப் ஷீட்டை வாங்கினேன். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'டைம்கீப்பர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நத்தை அதைப் படித்துவிட்டு, "உடம்புக்கு எதுவும் பண்ணுதாம்மா?" என்று கேட்டான். நிஜமான அக்கறையோடுதான் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்டியா?"

"சாப்டேம்மா" என்றான். சொல்லிவிட்டு, வழக்கமாக அதற்கடுத்து நான் கேட்கும் கேள்விக்காகக் கொஞ்சம் நின்றான். நான் கேட்கவில்லை. அவன் போய் வண்டியை எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்தேன், ஆட்டத்தைத் திறந்தேன். மூன்று பேரும் இருந்தார்கள். சீட்டு வந்ததும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். அடுக்கிவிட்டு, வலது கோடியில் கிடந்த ஒரு இரண்டை இழுத்து இடது ஓரத்தில் வைத்தேன். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தேன்.